குமாரதாஸ் சாரின் பேசாத வகுப்பு

தக்கலை பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் ரதீஷின் கம்ப்யூட்டர் சென்டர் இருக்கிறது. அங்கே பல வருடங்களாக மாலை வகுப்பு எடுத்தவர் குமாரதாஸ். அவருடைய குரல் ஜன்னல் வழியாக இறங்கி, கீழே நாகர்கோவில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் காதிலும் விழும். "மவுச இப்படி இறுக்கிப் பிடிக்காத மக்கா, அது பஸ் கம்பி இல்ல" என்று அவர் மாடியில் சொன்னால் கீழே ரோட்டில் யாராவது சிரிப்பார்கள்.

கடைகளில் பில் போடும் வேலைக்குப் போக ஆசைப்பட்ட பெண்களும், வளைகுடா நாடுகளில் ஸ்டோர் கீப்பராகச் சேர நினைத்த ஆண்களும் அவரிடம் எக்செல் படித்தார்கள்.

அவர் மனைவி செல்லக்கனி முந்திரிப் பருப்பு ஆலையில் தரம் பிரிக்கிறாள். ஊர்க்காரர்கள் அதை அண்டியாபீஸ் என்றுதான் சொல்வார்கள். வேலை முடிந்ததும் நேராக வந்து, மாடிப்படியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து கணவரின் வகுப்பு முடியும்வரை காத்திருப்பாள். பிறகு இருவரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள். மகள் தன்யா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன பிறகு, அந்த பஸ்ஸில் பேசிக்கொண்டு போகும் நேரம்தான் அவர்களுக்கு வாழ்க்கையாக இருந்தது.

அந்தக் குரல் ஒரு மழைக்காலத்தில் கரகரத்தது. சளி என்றார்கள். மிளகும் கற்பூரவல்லியும் போட்டுக் கொதிக்க வைத்துக் குடித்தார். கரகரப்பு போகவில்லை. திருவனந்தபுரத்தில் பெரிய மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். மருத்துவர் செல்லக்கனியைத் தனியாக அழைத்து, குரல்வளையில் கட்டி என்றார். குரல்வளையையே எடுத்துவிட்டால் உயிரைக் காப்பாற்றலாம், குரல் திரும்ப வராது என்றார்.

"உயிரு போதும் டாக்டர்" என்றாள் செல்லக்கனி. கணவரைக் கேட்காமலே சொன்னாள், பிறகுதான் அவரிடம் தெரிவித்தாள்.

உயிர் பிழைத்தது. கழுத்தில் மூச்சு விடுவதற்கு ஒரு துளை, அதை மறைத்து ஒரு வெள்ளைத் துணி. கழுத்தில் வைத்துப் பேசும் கருவி ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு கொடுத்த கழுத்து கல்லாகிப் போயிருந்ததால் அதில் சொற்கள் தெளியவில்லை. அதை அவர் அலமாரியில் வைத்துப் பூட்டினார். வீட்டில் உதட்டை அசைப்பார், செல்லக்கனி படித்துக்கொள்வாள். மற்றவர்களிடம் போனில் எழுதிக் காட்டுவார்.

ரதீஷ் அவரைக் கைவிடவில்லை. முன்னறையில் ஒரு மேஜையைப் போட்டு, வருகிறவர்களுக்கு ரசீது கொடுக்கும் வேலையைத் தந்தான். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தன்னுடைய வகுப்பை வேறொருவர் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு குமாரதாஸ் உட்கார்ந்திருந்தார். அந்த மேஜையில் சாப்பாட்டுப் பொட்டலத்தைக்கூட அவர் பிரிக்க மாட்டார் என்று செல்லக்கனிக்கு யாரோ சொன்னார்கள். அவள் அவரிடம் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அழுதுவிடுவோம் என்று அவளுக்குத் தெரியும்.

பிறகு அந்தப் புதிய ஆசிரியருக்குக் கொச்சியில் வேலை கிடைத்தது. அவர் போனார். அடுத்த பேட்ச் தொடங்க வேண்டிய நேரம். குமாரதாஸ் ரதீஷின் முன்னால் போய் நின்று போனை நீட்டினார். 'நான் எடுக்கிறேன்' என்று அதில் எழுதியிருந்தது.

ரதீஷ் அதைப் படித்தான்.

"பேசாம எப்படி சார் கிளாஸ் எடுப்பிய?"

'வீடியோ. என் கம்ப்யூட்டரில் நான் செய்வதை அப்படியே பதிவு பண்ணி, டிவியில் போட்டுக் காட்டுவேன்.'

"அப்பம் குரலு? கம்ப்யூட்டரே பேசுகது மாதிரி ஒண்ணு இருக்குல்லா சார், நாம எழுதிக் குடுத்தா அது வாசிக்கும். அதப் போட்டுருவமா?"

குமாரதாஸ் தலையை ஆட்டி மறுத்தார். தன் பாடத்துக்குள் இன்னொருவன் குரல் வந்தால் தான் வெறும் கையாகிவிடுவோம் என்று அவருக்குத் தோன்றியது. அதைப் போனில் எழுதத் தொடங்கி, அழித்துவிட்டார்.

"சார், நான் மனசறிஞ்சு சொல்லுகேன், கேளுங்க" என்றான் ரதீஷ். "மொத கிளாஸ் நீங்க எடுங்க. ஆளு நிக்குதான்னு பாப்போம். நின்னா அது உங்க பேட்ச். நிக்கல்லன்னா நான் வேற வாத்தியார விளிப்பேன். அதுக்குப் பிறகு நீங்க இத கேக்கப்பிடாது. எனக்கும் நோவும் சார்."

குமாரதாஸ் கைகூப்பினார். தன்னைவிட வயதில் இளையவன் முன்னால் அவர் கைகூப்பியதைப் பார்க்க முடியாமல் ரதீஷ் எழுந்து உள்ளே போனான்.

முதல் வகுப்புக்கு அவர் தேர்ந்தெடுத்த பாடம் மிகச் சின்னது. எக்செலில் ஒரு கட்டத்தைத் தேர்ந்தெடுத்தால், அதன் வலது கீழ் மூலையில் கடுகளவு ஒரு புள்ளி தெரியும். சுட்டியை அதன்மேல் கொண்டுபோனால் வெள்ளைக் கூட்டல் குறி, மெலிந்த கறுப்புக் கூட்டல் குறியாக மாறும். அப்போது பிடித்துக் கீழே இழுத்தால், ஒரு வரியில் போட்ட கணக்கு எல்லா வரிகளிலும் தானாக நிரம்பும். கடைக் கணக்கு எழுதுகிறவனுக்கு இதுதான் முதல் அதிசயம். எத்தனையோ பேட்சுகளுக்கு இதைச் சொல்லி, அவர்கள் வாய் பிளப்பதைப் பார்த்தவர் அவர்.

இலவசமாகக் கிடைக்கும் ஓபிஎஸ் என்ற மென்பொருளை இறக்கித் திரையைப் பதிவு செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோறு உண்ட கையைத் துடைத்துக்கொண்டு வந்த செல்லக்கனியை நாற்காலியில் உட்கார வைத்தார். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத மாணவி. தன் வகுப்பு அவளுக்குப் புரிந்தால் ஊருக்கே புரியும் என்பது அவர் கணக்கு.

பதிவு ஓடியது. செல்லக்கனி கண்ணைச் சுருக்கினாள்.

"எறும்பு ஊருகது மாதிரி என்னவோ ஓடிச்சு. அதுதானா?"

வகுப்பில் கடைசி வரிசையில் இருப்பவர்களுக்கு எறும்புகூடத் தெரியாது. இதுவரை அந்த எறும்பை யானையாக்கியது அவருடைய குரல். "வலது பக்கம், கீழ, மூலையில" என்று அவர் சொல்லும்போது எல்லார் கண்ணும் அங்கே ஓடும். இப்போது அந்தக் கண்களை யார் கூட்டிப் போவார்கள்?

இணையத்தில் தேடித் தேடி அவர் ஷாட்கட் என்ற மென்பொருளைக் கண்டுபிடித்தார். அதுவும் இலவசம்தான். பதிவு செய்த படத்தை அதில் போட்டு, காலக்கோட்டில் ஓர் இடத்தில் ஒரு புள்ளி வைத்தால், இந்த நொடியில் முழுத்திரையும் தெரிய வேண்டும் என்று அர்த்தம். கொஞ்சம் தள்ளி இன்னொரு புள்ளி வைத்து அங்கே படத்தைப் பெரிதாக்கினால், இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே படம் தானாக நெருங்கி வரும். மூன்றாவது புள்ளியில் படத்தை நகர்த்தி வைத்தால், பார்வை ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு வழுக்கிப் போகும். முதல் முறை அந்தக் கடுகுப் புள்ளி திரை முழுக்க நெல்லிக்காய் அளவுக்கு வந்து நின்றபோது குமாரதாஸ் மேஜையில் தட்டினார். அடுக்களையிலிருந்து செல்லக்கனி ஓடி வந்தாள்.

ஆசை யாரை விட்டது? எல்லா இடத்திலும் பெரிதாக்கினார். சுட்டி அசைந்தால் பெரிதாக்கினார், எழுத்து விழுந்தால் பெரிதாக்கினார், பெரிதாக்கியதைச் சிறிதாக்கி மறுபடி பெரிதாக்கினார்.

அடுத்த ஞாயிறு மறுபடி நாற்காலி. படம் ஓடத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் செல்லக்கனி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நிப்பாட்டுங்க, நிப்பாட்டுங்க. குளச்சல்ல வள்ளத்துல ஏறுன மாதிரி இருக்கு. தின்ன சோறு வெளிய வரும்."

அவர் சத்தமில்லாமல் சிரித்தார். தோள் மட்டும் குலுங்கியது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர் சிரித்து அவள் பார்த்தது அன்றுதான். வயிற்றைப் புரட்டியது போதாதென்று கண்ணும் நிறைந்தது அவளுக்கு. அதை மறைக்க, "சிரிங்க, சிரிங்க. வாந்தி எடுத்தா நீங்கதான் கழுவணும்" என்றாள்.

பாதிக்கு மேல் அசைவுகளை எடுத்துவிட்டார். மிச்சமிருந்தவற்றை மென்மையாகத் தொடங்கி மென்மையாக நிற்கும்படி மாற்றினார். பெரிதாக்கினால் எழுத்து கலங்கியது. திரையை இன்னும் பெரிய அளவில் பதிவு செய்து அதையும் சரிசெய்தார். வகுப்பு நெருங்கிவிட்டது. மூன்றாவது முறையாக அவளை உட்கார வைத்தார். இந்த முறை தலை சுற்றவில்லை. படம் அழகாக நெருங்கியது, அழகாக விலகியது.

'மனசிலாச்சா?' என்று அவர் உதடு கேட்டது.

"நல்லா மனசிலாச்சு" என்றாள் செல்லக்கனி.

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்தபோது, அந்தப் பொய்க்காகத் தனக்கு எந்தத் தண்டனை கிடைத்தாலும் பரவாயில்லை என்று அவள் நினைத்தாள். ஆனால் அவர் ஆசிரியர். எழுந்து நின்று, மவுசை அவள் பக்கம் நகர்த்தி, செய் என்று கையைக் காட்டினார்.

அவள் சுட்டியை அங்கேயும் இங்கேயும் கொண்டுபோனாள். கட்டம் முழுவதும் இடம் மாறிப் போனது. மறுபடி முயன்றாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் மவுசை விட்டுவிட்டு மடியில் கையை வைத்துக்கொண்டாள்.

"மனசிலாகல்ல. நீங்க சந்தோசப்படட்டுன்னு சொன்னேன்."

வேறு எந்த வீட்டிலும் இந்த நேரத்தில் ஒரு சத்தம் எழுந்திருக்கும். பாத்திரம் பறந்திருக்கும். இங்கே கழுத்துத் துணிக்குள்ளிருந்து காற்று மட்டும் சீறியது. குமாரதாஸ் மடிக்கணினியை மூடினார். மூடிய கையை அதன் மேலேயே வைத்துக்கொண்டு, மனைவியின் முகத்துக்கு நேராகக் குனிந்து, ஒவ்வொரு சொல்லாக உதட்டை அசைத்தார்.

'உயிரு போதும்னு ஒன்கிட்ட யாரு சொன்னா?'

தவறாகப் படித்திருப்போமோ என்று அவள் ஆசைப்பட்டாள். ஆனால் அந்த உதடுகளைப் படிப்பதில் அவள் ஒருபோதும் தவறியதில்லை.

அவள் எழுந்து போகவில்லை. அழுகை வந்தது, அதை அது பாட்டுக்கு விட்டாள்.

"யாரும் சொல்லல்ல. நானே சொன்னேன். நாளைக்கு வந்து கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். ஒங்க குரலு ஊருக்கெல்லாம் வேணும். எனக்கு நீங்க வேணும். இது தப்புன்னா ஏசுங்க."

ஏசுவதற்குக் குரல் இல்லை என்பது சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டாள். குமாரதாஸ் நாற்காலியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவள் முழங்காலில் நெற்றியை வைத்தார். வெளியே ரப்பர் மரங்களில் மழை விழுகிற சத்தம். இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செல்லக்கனி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு என்ன தோணுதுன்னா, நீங்க நிக்காம போறிய."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"படியில இருந்து எத்தன வருசமாட்டு ஒங்க கிளாஸ கேட்டேன். என்னத்தயாவது காட்டுனா ஒடன 'பாத்தியா?'ன்னு கேப்பிய. 'பாத்தேன் சார்'னு கடைசி பெஞ்சு சொல்லாம அடுத்ததுக்குப் போவ மாட்டிய. கீழப் படியில இருக்க எனக்கு வெப்ராளமா, படபடன்னு வரும், பஸ்ஸு போயிருமேன்னு. இப்பம் இதுல பெரிசாட்டு வருது, நான் எங்கன்னு பாக்கதுக்குள்ள நீங்க இழுத்து முடிச்சிற்றிய. பாத்தியான்னு நீங்க கேக்கவே இல்ல."

குமாரதாஸ் எழுந்து மடிக்கணினியைத் திறந்தார்.

அவர் செய்த தவறு அவருக்கு விளங்கியது. கேள்வி கேட்க வாய் இல்லை என்பதால், பதிலுக்குக் காத்திருக்கும் நேரத்தையும் அவர் வெட்டி எறிந்திருந்தார். ஒன்றும் நடக்காத இடம் வீண் என்று நினைத்துவிட்டார். படம் கடுகுப் புள்ளியருகே நெருங்கி நிற்கும் இடத்தில் காட்சியை அசையாமல் நிறுத்தினார். அதை எவ்வளவு நேரத்துக்கு நீட்டுவது? திரையைப் பார்த்தபடியே உதட்டை அசைத்தார்.

'பாத்தியா?'

பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்த செல்லக்கனி, திரையில் அந்தக் கடுகுப் புள்ளியைத் தேடினாள். கண்டாள்.

"பாத்தேன் சார்."

அந்த இடத்தில் அவர் காலக்கோட்டில் அடுத்த புள்ளியை வைத்தார். வெள்ளைக் கூட்டல் கறுப்பாக மாறும் இடம் வந்தது. 'பாத்தியா?' அவள் வேண்டுமென்றே தாமதித்தாள். "பொறுங்க சார், நான் கடைசி பெஞ்சு" என்றாள். அவர் பொறுத்தார். "இப்பம் பாத்தேன்." புள்ளி விழுந்தது. பாடம் முழுவதும் இப்படியே போனார்கள், கணவன் சத்தமில்லாமல் கேட்க, மனைவி சத்தமாகப் பதில் சொல்ல. முடிவில் அவள் கையில் மவுசைக் கொடுத்தார். வரிசையில் எண்கள் மளமளவென்று இறங்கி நிரம்பியபோது, அவள் கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள்.

"அம்மாடி, இது என்ன இப்படி ஓடுது" என்றாள்.

வகுப்பு நாள் வந்தது. பில் வேலைக்குப் போகக் காத்திருக்கும் அபினா முதல் வரிசையில் இருந்தாள். பின் வரிசையில் கபிரியேல். மஸ்கட்டில் வெகுகாலம் லாரி ஓட்டியவர், முதுகு வலியால் ஊருக்கு வந்துவிட்டார். இனி ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கும் வேலையாகத் திரும்பிப் போக வேண்டும் என்பது அவர் ஆசை. இன்னும் சில பெண்களும் ஆண்களும் இருந்தார்கள். பேசாத சார் என்று அவர்களுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. அவர்கள் குமாரதாஸின் கழுத்துத் துணியைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டார்கள். ரதீஷ் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றான்.

டிவியில் படம் ஓடியது. கட்டம் நெருங்கி வந்தது. மூலையில் புள்ளி பெரிதானது. அப்படியே நின்றது.

"நெட்டு போச்சு" என்றார் கபிரியேல் பின்னாலிருந்து.

வகுப்பு சிரித்தது. ரதீஷின் கை கதவின் பிடியில் விழுந்தது. குமாரதாஸ் மனைவியோடு இருந்து அளந்த நேரம் அது. இவர்களுக்கு அது வெறும் தடங்கல். படம் அடுத்த அசைவுக்குப் போவதற்குள் அவர் விசையைத் தட்டி நிறுத்தினார். டிவிக்கு அருகே போய், நின்றுபோன படத்தின் மீது, அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். பிறகு திரும்பி, முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை ஒவ்வொரு முகமாகப் பார்த்து, புருவத்தை உயர்த்தினார்.

அபினாதான் முதலில் புரிந்துகொண்டாள்.

"பாத்தாச்சு சார்" என்றாள்.

"ஆமா, ஒரு பொட்டு இருக்கு" என்றாள் பக்கத்தில் இருந்தவள். முகம் முகமாகப் பதில் வந்தது. அவர் கண் கபிரியேலிடம் வந்து நின்றது. கபிரியேல் எழுந்து, கண்ணாடியை மாட்டி, எட்டிப் பார்த்து, "இப்பம் கண்டேன் சார்" என்ற பிறகே அவர் படத்தை ஓடவிட்டார். அடுத்த முறை படம் நின்றபோது யாரும் சிரிக்கவில்லை. தாங்களாகவே சொன்னார்கள்.

பாடம் முடிந்தது. எல்லாரும் தங்கள் கம்ப்யூட்டரில் செய்து பார்த்தார்கள். அங்கங்கே 'அய்யோ, வந்துட்டு' என்ற குரல்கள். அப்போதுதான் கபிரியேல் கையைத் தூக்கினார்.

"சார், நமக்கு ஒரு சந்தேகம். ஜிஎஸ்டி வரி எத்தன சதமானம்ங்கத மேல ஒரே கட்டத்துல போட்டு வச்சேன். மொத சாமானுக்குச் சரியாட்டு வருது. பிடிச்சி இழுத்தா கீழ எல்லாம் பூச்சியம். நான் என்ன தப்பு செஞ்சேன்?"

நல்ல கேள்வி. அடுத்த வாரப் பாடத்தின் கேள்வி. அதற்கு வீடியோ இல்லை. முன்பென்றால், "கபிரியேலண்ணே, நீங்க இழுக்கும்போது அந்த வரிக் கட்டமும் கூடவே கீழ எறங்கிப் போவுது, அதக் கெட்டி வைக்கணும்" என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பார். வகுப்பு அவர் முகத்தையே பார்த்தது. சிலர் பையை எடுத்துத் தோளில் மாட்டியிருந்தார்கள். கதவுக்கு வெளியே ரதீஷ் தலை குனிந்துகொண்டான்.

குமாரதாஸ் விரலைத் தூக்கி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினார். டிவியோடு இணைந்த தன் மடிக்கணினியில் பதிவைத் தொடங்கினார். கபிரியேல் போட்ட கணக்கையே போட்டார். இழுத்தார். பூச்சியங்கள். கணக்கு எழுதியிருக்கும் மேல் பட்டைக்குப் போய், வரிக் கட்டத்தின் பெயரில் இரண்டு டாலர் குறிகளைச் சேர்த்தார். மறுபடி இழுத்தார். எல்லா வரிகளிலும் எண்கள் நிரம்பின. பதிவை நிறுத்தி, எல்லார் கண்ணெதிரிலும் அதை ஷாட்கட்டில் போட்டார். பூச்சியத்தின் அருகே படம் நெருங்க ஒரு புள்ளி. அங்கிருந்து மேல் பட்டைக்கு நகர ஒரு புள்ளி. டாலர் குறி பெரிதாக ஒரு புள்ளி. மறுபடி கீழே இறங்க ஒரு புள்ளி. ஒவ்வொன்றிலும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தலையைச் சாய்த்து யோசித்தார்.

நேரம் ஆயிற்று. கீழே புதுக்கடை பஸ் ஹாரன் அடித்தது. அபினா ஏற வேண்டிய பஸ் அது. அவள் ஜன்னல் பக்கம் ஒரு முறை திரும்பினாள். பிறகு பையைத் தோளிலிருந்து இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

படம் ஓடியது. பூச்சியம் பெரிதாக வந்து நின்றது. அங்கிருந்து பார்வை மெல்ல மேலே ஏறி, டாலர் குறியில் போய் நின்றது.

"ஓ, அதுக்கு ஆணி அடிச்சிருக்கா" என்றார் கபிரியேல்.

குமாரதாஸ் அவரைப் பார்த்துப் பலமாகத் தலையாட்டினார்.

கபிரியேல் தன் கம்ப்யூட்டரில் குனிந்து, ஒற்றை விரலால் தட்டித் தட்டி, இழுத்தார். நிமிர்ந்து உட்கார்ந்தார். முதுகு வலி மறந்த ஒரு மனிதனின் முகம் அது. கதவைத் திறந்து உள்ளே வந்த ரதீஷ், சுவரோரம் நின்று, "நாளைக்கும் இந்த நேரந்தானே சார்? போர்டுல ஒங்க பேரு எழுதிப் போடுகேன்" என்றான். குமாரதாஸ் கழுத்துத் துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"போர்டு பிறகு எழுதலாம் மக்கா" என்றார் கபிரியேல். "சார், இன்னொரு சந்தேகம் இருக்கு."

குமாரதாஸ் நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துப் போட்டு, மறுபடி பதிவைத் தொடங்கினார்.